புஷ் போகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை: ஒரிஜின் முகவரிச் சிக்கல்

வாவிக்கரை | வியாழன் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கல்லடியில் இருந்து எழுதுகிறேன். லப்டொப்பில் சார்ஜ் இல்லை, போனில் இருப்பது தமிழ்க் கீபோட் மட்டும்தான். அதனால் கட்டளைகளையும் தமிழிலேயே தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் சம்மாந்துறையில் இருக்கும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல் பதிவேடு செய்து கொடுத்திருக்கிறோம். வண்டி வரும், எடை பார்ப்பார்கள், ஈரப்பதம் பார்ப்பார்கள், கழிவு போக எவ்வளவு காசு என்று ரசீது வரும். அவ்வளவுதான் வேலை. படிக்கிற காலத்தில் என் நண்பன் ஒருவன் தொடங்கிய புரொஜெக்ட் இது. கோடின் மாற்ற வரலாற்றைக் கிட் என்ற கருவியில் வைத்திருக்கிறோம். அந்த ரிப்போவும் (கோடும் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) இணையத்தில் அவனுடைய கிட்ஹப் கணக்கில்தான் இருந்தது. அவன் இப்போது கட்டாரில். போன மாதம் நாங்கள் புதுக் கணக்கு ஒன்று திறந்து, ரிப்போவை அங்கே கொண்டுபோய், என் லப்டொப்பில் ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஒரிஜின்’ கொடுத்து முகவரியையும் மாற்றினேன்.

பிறகுதான் கூத்து. கூட்டாளி செய்கிற மாற்றம் எனக்கு வருகிறது. நான் செய்வது அவனுக்குப் போகவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. புஷ் (என் மாற்றங்களை அனுப்பும் கட்டளை) கொடுத்தால் வழமையான வரிகள் ஓடி முடிகின்றன. ஸ்டேட்டஸ் பார்த்தால் ஒரிஜின்/மெயினோடு (அங்குள்ள முதன்மைக் கிளையோடு) சமம் என்கிறது. ஆனால் ஒரு புல் (அங்கே உள்ளதை எடுத்துச் சேர்க்கும் கட்டளை) கொடுத்துவிட்டு ஸ்டேட்டஸ் பார்த்தால் நான் 23 கொமிட், அதாவது பதிந்த 23 மாற்றம், முன்னால் நிற்கிறேனாம். திரும்பவும் புஷ், திரும்பவும் சமம்.

இன்று காலை ஆலை முதலாளி கோல் எடுத்தார். ஈரம் கூடின நெல்லுக்குப் பழைய கணக்கிலேயே கழிவு வெட்டுகிறதாம். ஒரு விவசாயி ரசீதை மேசையில் அடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கணக்கை நான் திருத்தி ஒரு வாரத்துக்கு மேல். சேவர் புது ரிப்போவில் இருந்துதான் கோடை எடுக்கிறது. வேளாண்மை வெட்டு நடக்கிற நேரம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள்.

நிந்தவூரான் | வியாழன் இரவு 9.58

மச்சான், இதுக்கெல்லாம் மண்டையைப் போட்டு உடைக்காதே. போல்டரை அப்படியே அழி. புது முகவரியில் இருந்து திரும்பக் குளோன் பண்ணு, முழுப் பிரதியும் இறங்கும். ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் ஃபோர்ஸ் கொடுத்து, அங்கே இருப்பதை மீறிப் புஷ் பண்ணு, எந்தக் கதவும் திறக்கும்.

ஏறாவூர்_நானா | வியாழன் இரவு 10.15

தம்பி வாவிக்கரை, எதையும் அழிக்க வேண்டாம். ஃபோர்ஸும் வேண்டாம். முதலில் அந்தப் போல்டரை அப்படியே பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். உள்ளே மறைந்திருக்கும் ‘.கிட்’ போல்டரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

நிந்தவூர் மச்சானுக்கு ஒரு கேள்வி. புது ரிப்போவில் அந்த 23 கொமிட்டும் இல்லை என்பதுதானே பிரச்சினை? அங்கிருந்து குளோன் செய்தால் அவை எப்படி வரும்? உள்ளதையும் அழித்துவிட்டுத் தேடுவதா?

தம்பி, லப்டொப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு ‘கிட் ரிமோட் -வி’ என்று கொடுங்கள். இரண்டு வரி வரும். இரண்டையும் முழுசாக இங்கே போடுங்கள். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு “சரியாத்தான் இருக்கு நானா” என்று சொல்ல வேண்டாம்.

வாவிக்கரை | வெள்ளி காலை 6.20

நானா, நான் முதல் வரியை மட்டும்தான் பார்த்திருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கணக்குப் பெயர்களை மாற்றிப் போடுகிறேன்:

ஒரிஜின் → எச்டிடிபிஎஸ், புதுக்கணக்கு/பதிவேடு (பெட்ச்)
ஒரிஜின் → எஸ்எஸ்எச், பழையகணக்கு/பதிவேடு (புஷ்)

இரண்டாவது வரி இன்னும் நண்பனுடைய கணக்கில் நிற்கிறது. நான் மாற்றினேனே!

ஏறாவூர்_நானா | வெள்ளி காலை 7.05

நீங்கள் மாற்றியது உண்மைதான், ஆனால் பாதியை.

ஒரிஜின் என்பது ஒரு ரிமோட்டின், அதாவது வெளியே இருக்கும் ரிப்போவின், பட்டப்பெயர். போனில் “மாமா வீடு” என்று சேமித்து வைப்பதுபோல. குளோன் செய்யும்போது கிட் தானாக வைக்கிற பெயர் என்பதைத் தவிர அதில் விசேஷம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஒரு பெயருக்குக் கீழே இரண்டு இலக்கம் சேமிக்கலாம்: எடுக்க ஒன்று, கொடுக்க ஒன்று. கொடுக்கும் முகவரியைத் தனியாக எழுதாவிட்டால் எடுக்கும் முகவரியே இரண்டுக்கும் பயன்படும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். உங்களுடையதில் யாரோ தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘செட்-யூஆர்எல்’ என்று சும்மா கொடுத்தால் எடுக்கும் முகவரி மட்டும் மாறும், தனியாக எழுதியது அப்படியே கிடக்கும். பழைய ரிப்போவில் உங்களுக்கு எழுதும் அனுமதி இன்னும் இருக்கிறது, அதனால் அதுவும் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

‘.கிட்’ போல்டருக்குள் ‘கொன்ஃபிக்’ என்றொரு பைல் இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். ரிமோட் ஒரிஜின் என்ற தலைப்பின் கீழ் ‘யூஆர்எல்’ என்று ஒரு வரியும் ‘புஷ்யூஆர்எல்’ என்று இன்னொரு வரியும் நிற்கும். அந்த இரண்டாவதுதான் ஆள்.

இதை யார் எழுதினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

வாவிக்கரை | வெள்ளி காலை 7.30

ஞாபகம் வந்துவிட்டது. கிட்ஹப்பில் பாஸ்வேர்ட் கொடுத்துப் புஷ் பண்ண முடியாது என்று ஆக்கினார்களே, அந்த நேரம் நண்பனே என் லப்டொப்பில் உட்கார்ந்து ஏதோ செட் பண்ணித் தந்தான். “எடுக்கிறதுக்கு ஒன்றும் கேட்காது, போடுறதுக்கு மட்டும் சாவி” என்று சொன்னது காதில் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி_டீச்சர் | வெள்ளி காலை 7.52

2021 ஓகஸ்ட் 13. அன்றுதான் கிட்ஹப் கட்டளை வழியாகப் பாஸ்வேர்ட் ஏற்பதை நிறுத்தியது. பிறகு டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான இரகசியக் குறியீடு) வேண்டும், இல்லையென்றால் எஸ்எஸ்எச் சாவி (கம்பியூட்டரிலேயே வைத்திருக்கும் சாவி பைல்) வேண்டும். பொது ரிப்போவை எடுப்பதற்கு இரண்டும் தேவையில்லை. அதனால் எடுக்க எச்டிடிபிஎஸ், போட எஸ்எஸ்எச் என்று பிரித்து வைத்தவர்கள் நிறையப் பேர். உங்கள் நண்பர் செய்தது அந்த நேரத்துக்குச் சரியான வேலைதான்.

தம்பிக்குப் பைத்தியம் பிடிக்க வைத்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாபில் என் பிள்ளைகள் விழுகிற இடமும் இதுதான். ஸ்டேட்டஸ் கொடுக்கும்போது கிட் இணையத்துக்குப் போகிறது என்று நினைக்கிறோம். போவதே இல்லை. டேட்டாவை ஓஃப் பண்ணிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் “சமம்” என்று அதே உறுதியோடு சொல்லும். ‘ஒரிஜின்/மெயின்’ என்பது உங்கள் லப்டொப்பிலேயே இருக்கிற ஒரு குறிப்பு. கடைசியாக ஒரிஜினோடு பேசியபோது அங்கே மெயின் எந்தக் கொமிட்டில் நின்றது என்று கொப்பியில் எழுதி வைத்ததுபோல.

உங்கள் கதையில் அந்தக் குறிப்பை இரண்டு வீட்டுக்காரர்கள் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் புஷ் பண்ணுகிறீர்கள். அது பழைய வீட்டுக்குப் போகிறது. “ஒரிஜின் இப்போது உன்னோடு சமம்” என்று கிட் குறித்துக்கொள்கிறது. பிறகு புல் கொடுக்கிறீர்கள். அது புது வீட்டைக் கேட்கிறது. அங்கே உங்கள் 23 இல்லை. குறிப்பு பின்னால் இழுக்கப்படுகிறது. புல் ஓடும்போது ஒரு வரியின் முன்னால் கூட்டல் அடையாளமும் கடைசியில் ‘ஃபோர்ஸ்ட் அப்டேட்’ என்றும் வந்திருக்கும், கவனித்தீர்களா? யாரும் ஃபோர்ஸ் பண்ணாத ரிப்போவில் அந்தச் சொல் வந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

வாவிக்கரை | வெள்ளி காலை 8.10

வந்தது டீச்சர். கூட்டாளி ஏதோ ஃபோர்ஸ் பண்ணியிருக்கிறான் என்று நினைத்து அவனோடு ஒரு சின்னச் சண்டையும் பிடித்தேன். பாவம்.

நிந்தவூரான் | வெள்ளி காலை 8.34

சரி, குளோன் யோசனையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கிட்டிலும் பிழை இருக்கிறது. ஒரு பெயருக்கு எதற்கு இரண்டு முகவரி? இரண்டும் வேறு வேறு ரிப்போவாக இருந்தால் ஒரு எச்சரிக்கையாவது தரக்கூடாதா? ஃபோர்ஸ் கொடுத்திருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

ஏறாவூர்_நானா | வெள்ளி காலை 9.02

ஃபோர்ஸ் கொடுத்திருந்தால் அதுவும் பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும் மச்சான்.

எச்சரிக்கை பற்றிய உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு முகவரியும் ஒரே ரிப்போவா என்று கிட்டுக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவை வெறும் எழுத்து வரிகள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை லினக்ஸ் கேர்னல் வேலைக்காக எழுதியபோதே எல்லோரிடமும் முழு வரலாறும் இருக்கும், யாரும் யாரிடம் இருந்தும் எடுக்கலாம் என்றுதான் கட்டினார். நடுவில் ஒரு தலைமை அலுவலகம் என்ற எண்ணமே அதில் இல்லை. ஒருவரிடம் எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பது அங்கே குற்றமல்ல, அன்றாட வேலை. வேறொருவருடைய புரொஜெக்ட்டுக்குப் பங்களிக்கிற பலரும் அப்ஸ்ட்ரீமில் (மூல ரிப்போவில்) எடுத்து, தங்கள் ஃபோர்க்கில்தான் (சொந்தப் பிரதியில்) போடுகிறார்கள். நான் சொல்லுவது, அதற்கு இரண்டு ரிமோட்டுக்கு இரண்டு பெயர் வைக்க வேண்டும் என்பது. ஒரே பெயருக்குள் ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது.

வாவிக்கரைத் தம்பி, இனிச் செய்ய வேண்டியது. ‘கிட் கொன்ஃபிக் --அன்செட் ரிமோட்.ஒரிஜின்.புஷ்யூஆர்எல்’. அந்தத் தனி வரி போய்விடும், இரண்டும் ஒரே முகவரியாகிவிடும். ‘ரிமோட் -வி’ திரும்பவும் கொடுத்துப் பாருங்கள். பிறகு ஒரு பெட்ச் (சேர்க்காமல் எடுத்து மட்டும் வைப்பது). பிறகு ‘கிட் லொக் ஒரிஜின்/மெயின்..மெயின்’, நடுவில் இரண்டு புள்ளி. புது வீட்டில் இல்லாத கொமிட்டுகள் வரிசையாக வரும். உங்கள் 23உம் அதில் இருந்தால் சாதாரண புஷ். நீங்கள் கூட்டாளியின் வேலையை ஒழுங்காக எடுத்துச் சேர்த்துக்கொண்டே வந்திருப்பதால் ஃபோர்ஸ் கேட்கவே கேட்காது. கேட்டால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். பயமாக இருந்தால் ‘--ட்ரை-ரன்’ போட்டு ஒத்திகை பாருங்கள், எந்த முகவரிக்குப் போகிறது என்பதை முதல் வரியிலேயே காட்டும்.

களுவாஞ்சிக்குடி_டீச்சர் | வெள்ளி காலை 9.20

நானா சொன்னதோடு ஒன்று. பிள்ளைகள் இப்படி மாட்டினால் உடனே ‘ரிமோட் ரிமூவ் ஒரிஜின்’ கொடுத்துவிட்டுப் புதிதாக ‘அட்’ பண்ணுவார்கள். அதிலும் வேலை நடக்கும், புஷ்யூஆர்எல்லும் சேர்ந்து போய்விடும். ஆனால் எந்தப் பிரான்ச் (கிளை) எதைப் பின்தொடர்கிறது என்ற தொடர்பும் அறுந்துவிடும். மறுகா வெறும் புல் கொடுத்தால் எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல் நிற்கும். ‘புஷ் -யூ’ ஒரு தடவை கொடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

இன்னொன்று, ரிப்போவை இடம் மாற்ற கிட்ஹப் செட்டிங்ஸில் ‘ட்ரான்ஸ்ஃபர்’ இருக்கிறது. நண்பர் அதைச் செய்திருந்தால் பழைய முகவரிக்குப் போகிற புஷ்ஷும் தானாகப் புது இடத்துக்குத் திரும்பியிருக்கும். இஷ்யூக்களும் (பிழை, வேலைக் குறிப்புகள்) கூடவே வந்திருக்கும். நீங்கள் புதிதாகத் திறந்து கோடை மட்டும் கொண்டுபோனதால்தான் இரண்டு வீடு.

மருதமுனை_தறி | வெள்ளி காலை 10.11

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். எல்லோரும் முகவரியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி. எடுப்பதற்கு ஒன்றும் கேட்காது என்று நண்பர் சொன்னாரே, அப்படியென்றால் அந்தப் பழைய ரிப்போ பொதுவில் இருக்கிறதா?

வாவிக்கரை | வெள்ளி காலை 10.40

முதலில் நல்ல செய்தி. நானா சொன்னபடி செய்தேன். லொக்கில் 23உம் வந்தது. ஒத்திகை புது முகவரியைக் காட்டியது. புஷ் போனது. சேவரில் எடுத்துப் போட்டாச்சு. இப்போது 17 சதவீத ஈரத்தில் ஒரு சோதனை ரசீது அடித்துப் பார்த்தேன், கழிவு சரியாக வருகிறது.

மருதமுனைத் தறிக்கு: ஓம், பொதுவில்தான் இருக்கிறது. படிக்கிற காலத்தில் திறந்தது, யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிட்டோம். ஏன் கேட்கிறீர்கள்?

மருதமுனை_தறி | வெள்ளி காலை 10.46

அந்த 23 கொமிட்டுக்குள் தரவுத்தளத்தின் பாஸ்வேர்ட் எழுதின பைல் எதுவும் போனதா என்று பாருங்கள். புது ரிப்போ உங்களுக்கு மட்டும் என்ற நம்பிக்கையில் போட்டிருப்பீர்கள்.

வாவிக்கரை | வெள்ளி காலை 10.59

இருக்கிறது. ஒரு கொமிட்டில் பாஸ்வேர்ட் எழுதின ‘.என்வ்’ பைல் போயிருக்கிறது. அடுத்த நாளே கண்டு, அழித்து இன்னொரு கொமிட் போட்டேன். அப்போ பிரச்சினை இல்லைதானே?

மருதமுனை_தறி | வெள்ளி காலை 11.04

இருக்கிறது. அடுத்த கொமிட்டில் அழித்தாலும் முந்தைய கொமிட்டில் அது அப்படியே இருக்கும். வரலாற்றைப் பின்னால் புரட்டுகிற எவருக்கும் தெரியும். பொது ரிப்போக்களில் இப்படியான சாவிகளைத் தேடிக்கொண்டே இருக்கிற தானியங்கி நிரல்கள் உண்டு, அவை நாள் கணக்கில் காத்திருப்பதில்லை.

வரிசை முக்கியம். இந்த நிமிடம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரலாற்றைத் துடைப்பது, ரிப்போவை மூடுவது எல்லாம் அதற்குப் பிறகு. வெளியே போன சாவியைத் தேடிப் பிடிக்க முடியாது, பூட்டைத்தான் மாற்ற வேண்டும். அந்தத் தரவுத்தளம் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்கிறதா என்றும் பாருங்கள். சேவருக்குள்ளிருந்து மட்டும் என்று கட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம், எங்கள் கைத்தறிக் கடைத் தளத்துக்கு இதே வேலையை நானே செய்து, இரண்டு நாள் சேவரை நிறுத்தி வைத்தேன்.

வாவிக்கரை | வெள்ளி காலை 11.38

மாற்றியாச்சு. உள்ளிருந்து மட்டும்தான் ஏற்கிறது, கடவுளே என்று. கூட்டாளி அந்தக் கட்டமைப்பைச் செய்திருக்கிறான். அவனுக்கு இன்றைக்குப் புரியாணி.

திருக்கோவில்_அலை | வெள்ளி பகல் 1.15

இழையைக் காலையில் இருந்து வாசிக்கிறேன். ரிமோட் என்றால் கிட்ஹப் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக ஒன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மாரிக்கு மழை பிடித்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். நானும் தம்பியும் ஒரே வீட்டில் இரண்டு லப்டொப்பில் வேலை செய்கிறோம். ஒரு பென்ட்ரைவில் ‘கிட் இனிட் --பெயர்’ (bare, வெறும் என்ற ஆங்கிலச் சொல்) கொடுத்து வெறும் ரிப்போ ஒன்று வைத்திருக்கிறோம். வெறும் என்றால், திறந்து வேலை செய்கிற பைல்கள் அதில் தெரியாது, வரலாறு மட்டும் இருக்கும். ‘ரிமோட் அட் பென்’ என்று பெயர் வைத்து அந்தப் பாதையைக் கொடுத்தோம். நான் ‘புஷ் பென் மெயின்’, பென்ட்ரைவைக் கழற்றி அவனிடம் எறிகிறேன், அவன் ‘புல் பென் மெயின்’. லைன் வந்த பிறகு யாராவது ஒருவர் ஒரிஜினுக்குத் தள்ளினால் போதும். மெதுவாகக் கழற்ற வேண்டும், எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கி ஒரு தடவை கெட்டுப்போனது. முழு வரலாறும் இரண்டு லப்டொப்பிலும் இருந்ததால் பென்ட்ரைவை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்கினோம்.

நிந்தவூரான் | வெள்ளி பகல் 1.40

இது நல்லா இருக்கு. அப்போ ஒரிஜினுக்கே இரண்டு புஷ் முகவரி கொடுத்து, ஒரே தட்டில் கிட்ஹப்புக்கும் பென்ட்ரைவுக்கும் போகிற மாதிரிச் செய்யலாமா? ‘செட்-யூஆர்எல் --அட் --புஷ்’ என்று ஒன்று இருக்கிறதே.

ஏறாவூர்_நானா | வெள்ளி பகல் 2.05

செய்யலாம். ஆனால் காலையில் இருந்து நாம் அழுதது அந்த வரிக்காகத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அதில் ஒரு குழி இருக்கிறது. முதல் தடவை ‘--அட் --புஷ்’ கொடுத்துப் பென்ட்ரைவைச் சேர்த்தவுடன், தனிப் புஷ் முகவரி ஒன்று எழுதப்பட்டுவிட்டது என்று கிட் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு பழைய கிட்ஹப் முகவரிக்குப் புஷ் போகாது. அதையும் இன்னொரு தடவை ‘--அட் --புஷ்’ கொடுத்துச் சேர்த்தால்தான் இரண்டுக்கும் போகும். சேர்க்க மறந்தவர், மாதக் கணக்கில் பென்ட்ரைவுக்கு மட்டும் தள்ளிக்கொண்டிருப்பார். இரண்டையும் சேர்த்தாலும், பென்ட்ரைவ் செருகாத நாளில் பிழை வரும். எது போனது எது போகவில்லை என்று சிவப்பு வரிகளுக்குள் தேட வேண்டும். எனக்குத் திருக்கோவில்காரர் வழிதான் பிடித்திருக்கிறது: இரண்டு பெயர், இரண்டு தட்டு.

களுவாஞ்சிக்குடி_டீச்சர் | வெள்ளி பகல் 2.20

நானாவோடு இதில் நான் ஒத்துப்போகவில்லை. லாபில் 30 பேருக்கு இரண்டு தட்டு என்றால் இரண்டாவதை யாரும் தட்ட மாட்டார்கள். ஒரே தட்டு என்று கட்டி, ‘ரிமோட் -வி’யில் மூன்று வரியும் வருகிறதா என்று நானே பார்த்துவிட்டு விடுகிறேன். இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை. பார்க்கிற ஆள் இருந்தால் நடக்கும்.

ஏறாவூர்_நானா | வெள்ளி பகல் 2.26

நீங்கள் பார்ப்பீர்கள் டீச்சர். நிந்தவூரான் பார்ப்பாரா?

நிந்தவூரான் | வெள்ளி பகல் 2.27

இல்லை.

வாவிக்கரை | சனி காலை 8.50

கடைசியாக ஒரு கேள்வி. பழைய ரிப்போவை நண்பன் அழித்துவிடவா என்று கேட்கிறான். அழிக்கச் சொல்லவா?

மருதமுனை_தறி | சனி காலை 9.12

உடனே அழிக்க வேண்டாம். முதலில் பிரைவேட் ஆக்கச் சொல்லுங்கள். பிறகு ‘ஆர்க்கைவ்’. அப்படி வைத்தால் வாசிக்கலாம், எழுத முடியாது. உங்களைப்போல வேறு லப்டொப்பிலோ பழைய கம்பியூட்டரிலோ அந்த முகவரி இன்னும் கிடந்தால், புஷ் கொடுத்தவுடன் மறுப்பு வரும். பழைய இஷ்யூக்களில் ஆலைக்காரர் சொன்ன கழிவுக் கணக்குகள் இருந்தால் அவற்றையும் நண்பரிடம் சொல்லி ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரை அந்த ரிப்போவின் கூட்டாளிகள் பட்டியலில் இருந்து எடுக்கவும் சொல்லுங்கள், ஆனால் அதை ஆர்க்கைவ் பண்ணுவதற்கு முன்பே.

வாவிக்கரை | ஞாயிறு இரவு 10.05

நண்பன் டியூட்டி முடிந்து வந்து, பிரைவேட் ஆக்கி, என் பெயரையும் எடுத்து, ஆர்க்கைவ் பண்ணிவிட்டான். நான் வேண்டுமென்றே பழைய முகவரியை முழுசாகத் தட்டி ஒரு புஷ் கொடுத்துப் பார்த்தேன். ரிப்போவே இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆலையில் அந்த விவசாயியின் ரசீதைத் திரும்ப அடித்து, மிச்சக் காசையும் கொடுத்துவிட்டார்கள். புரியாணியை நான் இன்னும் வாங்கித் தரவில்லை என்று எழுதச் சொல்கிறான் கூட்டாளி. நாளைக்கு.